மல்லிகா பேரில் எடுத்த பித்தப்பை

1

என் வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள் இருக்கின்றன. அந்தத் தழும்புகளுக்கான காகிதங்கள் எல்லாம் என் தம்பி மனைவி மல்லிகாவின் பேரில் இருக்கின்றன. மல்லிகாவின் வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவளுடைய பித்தப்பை உள்ளே கல்லும் வீக்கமுமாக உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அவளைச் சுருட்டிப் போடுகிறது. சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுக்க முடியவில்லை. காகிதப்படி அது போன வருஷமே எடுத்தாகிவிட்டது.

திருச்சியில் இருக்கிற உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. "ஓ, பேரு மாத்திச் சேர்த்துட்டாங்களா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். இங்கே கனடாவில், மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த என் மகள் நிலாவுக்கு நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது தடவை புரிந்தது. புரிந்த பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு, புரியாமலே இருந்திருக்கலாம்.

போன வாரம் என் குடும்ப டாக்டரிடம் வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போனேன். காலை முதல் ஆள் நான்தான். இதுவரை செய்துகொண்ட ஆபரேஷன்கள் என்று பாரத்தில் ஒரு கேள்வி. பித்தப்பை என்று எழுதினேன். நர்ஸ் ரிப்போர்ட்டைக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். எங்கே செய்தது என்றாள். இந்தியாவில் என்றேன். "ஓ" என்றாள், அங்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்கிற மாதிரி. என் ஊரைப் பற்றி அவள் அப்படி நினைக்க நானே வழி செய்து கொடுத்துவிட்டு, அவள்மேல் எரிச்சல் பட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் மல்லிகாவிடமிருந்து போன். அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் இங்கே ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் நாற்காலியை மூன்று தடவை மாற்றினார்கள், வேலையை மாற்றவில்லை. வருகிறவர்களின் இன்சூரன்ஸ் பாரத்தை நிரப்பி அனுப்புவதுதான் வேலை. அண்ணனின் கார்டை எடுத்துக்கொண்டு பல் கட்ட வருகிற தம்பிகள், அக்காவின் கார்டோடு வருகிற தங்கைகள், எல்லோரையும் பார்த்திருக்கிறேன். போட்டோ அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்பேன். முழிப்பார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன். நம்ம ஆட்களாக இருந்தால் தமிழிலேயே திருப்பி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டுப் பேஸ்மென்ட்டில் விருந்து நடக்கும். பேப்பர் தட்டில் பிரியாணி, ஒரு மூலையில் பிள்ளைகள் போனோடு, இன்னொரு மூலையில் ஆண்கள் கனடா மருத்துவத்தைத் திட்டிக்கொண்டு. "ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க எட்டு மாசமாம். ஊருக்குப் போனா காலைல பாத்து, சாயங்காலம் ரிப்போர்ட்டு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் அவர் கண்ணுக்குச் செய்துகொண்ட ஆபரேஷனைச் சொல்வார். மூன்றாமவர் ஊருக்குப் போகும்போது குடும்பத்தோடு பல்லைச் சரி செய்துகொண்டு வந்ததை, திருப்பதி போய் மொட்டை போட்டு வந்த மாதிரி விவரிப்பார். இங்கே வரியில்லாமல் வைத்தியம் கிடைக்க வேண்டும், அங்கே க்யூ இல்லாமல் கிடைக்க வேண்டும், இரண்டு ஊரும் தங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நினைக்கிற கூட்டம். நானும் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறேன்.

3

போன வருஷம் தை மாதம் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கு மண்ணச்சநல்லூர் போனேன். கிளம்பும் முன் பயண இன்சூரன்ஸ் எடுத்தேன். தொழில் பழக்கம், எல்லா வரிகளையும் படித்தேன். ஆபத்து என்றால் இருபத்து நாலு மணி நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எங்கள் உறவில் பாதிப் பேர் அரிசி ஆலைக்காரர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இலையில் ஒரு ஓரம் காலியாக இருந்தால் அது குடும்பத்துக்கே அவமானம். நெய்யை ஊற்றிக்கொண்டே போனார்கள். இருபது வருஷமாகக் கனடாவில் பச்சிலையைத் தின்று பழகிய வயிறு, பாதாம் அல்வாவைக் கண்டதும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி பல்லைக் காட்டியது. பந்தி முடிந்து வெற்றிலைக்குக் கை நீட்டும்போது வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. தம்பி சேகர் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கொள்ளிடம் பாலத்துக்கு வருவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

சேகர் என்னைவிட ஐந்து வயது இளையவன். துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அடுக்குமாடி வீடு. அவன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு அந்தத் தடித்த எழுத்து நம்பரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றாள். ஸ்ரீரங்கம் என்றேன். அவள் பட்டியலில் இல்லையாம். எப்படிப்பட்ட இடம் என்று விவரிக்கச் சொன்னாள். வலியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஒரு தீவு.

"தீவா? எந்தக் கடலில்?"

கடல் இல்லை, ஆற்றுக்கு நடுவில் என்றேன். படகில் போகும்போது ஏற்பட்ட பாதிப்பா என்று கேட்டாள். இங்கே வாசலில் நின்றால் ஒன்றாம் நம்பர் பஸ் நிமிஷத்துக்கு ஒன்று போகும் அம்மா, படகு எதற்கு என்று கத்தினேன். அவள் கோபப்படவே இல்லை. கோபப்படாமல் இருக்கத்தான் அவளுக்குச் சம்பளம். கடைசியில் சொன்னாள்: அவர்கள் ஒப்புதல் இல்லாமல் ஆபரேஷன் செய்யக் கூடாது. அவர்கள் அங்கீகரித்த ஆஸ்பத்திரி சென்னையில் இருக்கிறது. அவசரமானால் பக்கத்தில் எங்காவது சேர்ந்து, பணத்தை நீங்களே கட்டிவிட்டு, ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனிச் சீட்டோடு அனுப்பினால் பரிசீலிப்பார்கள். நானும் தினம் இதே பரிசீலனை என்ற வார்த்தையைக் கிளினிக்கில் மற்றவர்களிடம் சொல்கிறவள்தான். சோபாவில் படுத்துக்கொண்டு கேட்கும்போதுதான் அது எவ்வளவு அயோக்கியமான வார்த்தை என்று தெரிந்தது.

4

காவிரிப் பாலம் தாண்டி, தில்லைநகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். வாசலில் பிள்ளையார், உள்ளே காபி ஷாப், நடுவில் நோயாளிகள். மல்லிகாவும் பிளாஸ்க், போர்வை, மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு எங்களோடு வந்தாள்.

கவுண்டரில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் எங்களை எதிர்ப்புறம் அனுப்பினார்கள். அங்கே வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி மேசை. மேசைமேல் ஒரு உலக உருண்டை, ஒரு பிளாஸ்டிக் ரோஜா, ஒரு பெண். அவள் என்னிடம் இங்கிலீஷில் பேசினாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் மறுபடியும் இங்கிலீஷிலேயே பேசினாள். இந்த மேசைக்கு வந்தவர்களிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி பேக்கேஜ். உள்ளூர்க்காரர்களுக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு. முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், போலீஸுக்குத் தகவல். நான் பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

சேகர் அந்த மேசையிலிருந்து என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டி வந்தான்.

"மூணு மடங்கு கேக்கறான்க்கா. உன் கனடாக்காரன் ஒத்தப் பைசா தர மாட்டான், எழுதி வச்சுக்க."

"அதுக்கு என்ன பண்றது?"

"நீ பேசாம இரு. மல்லிகா பேரு என் ஆபீஸ் பாலிசில இருக்கு. கேஷ்லெஸ், கைக்காசு கட்ட வேணாம். வருஷா வருஷம் சும்மாதானே கெடக்கு?"

சும்மா கிடக்கிறது. இந்த ஒரு வார்த்தையில் எங்கள் ஜனங்களின் மொத்த தர்மசாஸ்திரமும் அடங்கிவிடும். சும்மா கிடக்கிற இடத்தில் வண்டி நிறுத்தலாம், சும்மா கிடக்கிற குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். பெண்டாட்டியின் பேர் சும்மா கிடந்தால் அதில் அக்காவைப் படுக்க வைக்கலாம்.

குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும் அவன் போனில் இருந்தது. முதல் கவுண்டரில் வேலை மாறி வேறொரு பெண் வந்திருந்தாள். அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் மூக்குத்தி போட்டிருந்தோம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மல்லிகா கேன்டீனில் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் சேகர், குடையை இரவல் கொடுத்த விஷயம் சொல்வதுபோல, "உன் கார்டுல போட்டிருக்கேன்" என்றான். "சரிங்க" என்றாள். வேறெதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. யாரும் அவள் கேட்பதற்காக நிற்கவும் இல்லை.

அதன் பிறகு வலியில் எனக்கு நினைவு சரியாக இல்லை, எல்லாம் சேகரே பார்த்துக்கொண்டான். இப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

5

ஐந்து நாள் மல்லிகாவாகப் படுத்திருந்தேன். வயது நாற்பத்தாறு. ஒரே நாளில் எட்டு வயது குறைந்தது. உண்மையைச் சொன்னால், அது கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

ஆபரேஷனுக்குச் சம்மதம் தெரிவிக்கும் காகிதத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. என் கூடப் பிறந்த தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பயல், கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் நர்ஸ் டிரிப்ஸ் மாற்றும்போது, "உங்க வீட்டுக்காரரு நல்லா பாத்துக்கறாருக்கா. இங்க முக்காவாசி ஆம்பளைங்க எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றாள். என்ன சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். "ஆமாம்மா" என்றேன். சேகர் ஜன்னல் வழியாக வெளியே எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மல்லிகாவுக்கு இன்னொரு பேர் தேவைப்பட்டது. உள்ளே வருகிறவர்களுக்கான பாஸில் அவள் என் பேரை எழுதிக்கொண்டாள்: வசந்தா, நாத்தனார். தினமும் மதியம் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து இன்னொரு பஸ் மாறி, குழைந்த சோறும் மிளகு ரசமும் கொண்டு வருவாள். சேகர் வார்டில் எல்லோரிடமும் அக்கா கனடாவிலிருந்து வந்திருக்கிறாள் என்று பெருமை அடித்து வைத்திருந்தான். பேர் மாறிய பிறகும் அந்தப் பெருமையை விட அவனுக்கு மனசில்லை. ஆகையால் பஸ் மாறி வந்த மல்லிகாவை ஆயாம்மா மேலும் கீழும் பார்த்து, "கனடாக்காரம்மா நீங்கதானா? பாத்தா தெரியவே இல்லியே" என்றார். மல்லிகா சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

நான்தான் காட்டிக் கொடுத்துவிடப் பார்த்தேன். இருபத்து நாலு வருஷப் பழக்கம், வாயில் தேங்க்யூவும் சாரியும் தானாக வருகிறது. தரை துடைக்கிற அம்மாவுக்குத் தேங்க்யூ சொன்னேன். அவர் பதறிப்போய் நர்ஸிடம், "அந்தப் பித்தப்பை அம்மா என்னமோ சொல்லுதும்மா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டு வந்துவிட்டார். டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து, இதற்கு முன்னால் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நான் மல்லிகாவைப் பார்த்தேன். மல்லிகா என்னைப் பார்த்தாள். என் தைராய்டு மாத்திரையைச் சொல்லவா, அவளுக்கு ஒன்றும் இல்லாததைச் சொல்லவா? ஒன்றும் இல்லை என்றேன். ஐந்து நாளும் அந்த மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்து, பள்ளிக்கூடத்தில் மாங்காய் தின்கிற மாதிரித் தின்றேன்.

வீடு திரும்பிய அன்று கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. சேகர் வெற்றி வீரன்போல காரை ஓட்டினான்.

6

கனடா திரும்பிய பிறகு பயண இன்சூரன்ஸ்காரர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது? மல்லிகாவுக்கு ஆபரேஷன் ஆனதற்கு வசந்தாவுக்குப் பணம் கொடு என்றா? என் கணவருக்கு ஒரே வருத்தம், கட்டிய பிரீமியம் வீணாகிவிட்டதே என்பது. பேஸ்மென்ட் விருந்தில் கதையைச் சொன்னேன். தீவு, பியானோ, வீட்டுக்காரர், மாங்காய் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். நான் பாதி மயக்கத்தில் கிடந்ததாகவும், சேகர்தான் எல்லாம் செய்ததாகவும் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் சிரிப்பு கூடுதலாக வந்தது. ஒருவர் சேகரின் நம்பரைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தமிழ் எண்ணி எடுத்து வைக்கிற தமிழ். "மல்லிகா ஆண்ட்டிகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"அத்தைன்னு சொல்லு. ஆண்ட்டி என்ன ஆண்ட்டி? தாய்மாமன் பொண்டாட்டி" என்று பாய்ந்தேன்.

"சரி, மல்லிகா அத்தை. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

பிள்ளைகள் நம் மொழியை விட்டு, முறையை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் சனிக்கிழமை தவறாமல் அழுகிறோம். சில சமயம் அவர்கள் விலகி நிற்பதால்தான் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல் அவள் தமிழைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

7

இனி அந்தப் போன். டாக்டர் வாசலில், காருக்குள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

மல்லிகா எனக்குப் போன் செய்வதே வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு. அவளுக்கு ஒரு மாதமாக அதே இடத்தில் வலியாம். சேகர் அவளை அதே ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயிருக்கிறான். புத்திசாலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். டாக்டர் பழைய பைலைத் திறந்தார். பித்தப்பை அகற்றப்பட்டது என்று அவர் கையெழுத்தே இருந்தது. எடுத்த பித்தப்பை மறுபடி முளைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி மேசையிலிருந்து விஷயம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. பதினைந்து நாளில் விளக்கம் வேண்டும் என்று சேகருக்குக் கடிதம். அதுவரை பைலைத் தொட மாட்டோம் என்று ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. காய்ச்சல் வந்தால் ஆபத்து, தள்ளிப் போடாதீர்கள் என்றும் அதே டாக்டர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மூணு வாரமா கஞ்சிதான் அண்ணி. எண்ணெ வாசன பட்டாலே புடிச்சுக்குது."

"சேகர் என்ன சொல்றான்?"

"தஞ்சாவூர்ல காசு கட்டிப் பண்ணிக்கலாம்ங்கறாரு. உங்க சித்தி பொண்ணு செல்வி பேருல. என் பேருல பண்ணுனா ரெண்டாவது தடவ எப்படின்னு மாட்டிக்குவாராம். வேலை போயிடுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னுட்டேன். என் வயித்த வெட்டறதுன்னா என் பேருலயே வெட்டட்டும். இல்லன்னா வேணாம்."

இருபத்து மூன்று வருஷத்தில் மல்லிகா மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பணம் அனுப்புகிறேன் என்றேன். வெளிநாட்டுக்காரிக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? "பணம் இருக்குங்க அண்ணி" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். போன வருஷம் படுத்தது நீங்கதான்னு."

மறுநாள் காலை சேகர் கூப்பிட்டான். குரலில் போன வருஷத்து வீரம் இல்லை.

"எழுதறேன்னு கௌம்பிடாதக்கா. அப்படியே எழுதுனாலும், நீ மயக்கத்துல இருந்தே, எல்லாம் நான் பண்ணேன்னு எழுதிடாத. மொத்தமும் என் தலைல விழும். அன்னிக்கே வேலய விட்டுத் தூக்கிடுவான்."

"பொண்டாட்டி சாகக் கெடக்கறா, உனக்கு வேலை கேக்குதா?"

"வேலை போனா அவளுக்கு எதுலக்கா வைத்தியம் பண்றது?"

திட்டிவிட்டு வைத்தேன். ஆனால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அது என்னைக் குடைந்தது. நான் மயக்கத்தில் இருந்தேன் என்று எழுதினால் என் வேலை பிழைக்கும், அவன் வேலை போகும். தெரிந்தே செய்தேன் என்று எழுதினால் பழியில் பாதி என் பக்கம் வரும். இன்சூரன்ஸ் பாரம் நிரப்பிப் பிழைக்கிறவள் இன்சூரன்ஸில் பொய் சொன்னாள் என்று தெரிந்தால், எந்தக் கிளினிக்கும் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைக்காது. அடுத்த தடவை விசாவுக்கும் கேள்வி வரலாம். மூன்று நாள் வேலைக்குப் போய் மற்றவர்களின் பாரங்களை நிரப்பினேன். ஒருவன் அண்ணன் கார்டோடு வந்தான். திருப்பி அனுப்பினேன். வழக்கமான திருப்தி வரவில்லை.

8

நான்காம் நாள் எழுதினேன். நிலா இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தாள். முழுப் பெயர், பாஸ்போர்ட் நம்பர், ஸ்ரீரங்கத்தில் தங்கியிருந்த நாட்கள், ஆபரேஷன் ஆனது எனக்கே, மல்லிகாவுக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. போன கோடையில் வேறு எதற்கோ இங்கே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும், எனக்குப் பித்தப்பை இல்லை என்பதற்குச் சாட்சியாக, சேர்த்தேன். கடைசியில் ஒரு வாக்கியம்: என் தம்பி பதிவு செய்தபோது நான் வலியில் சுயநினைவின்றி இருந்தேன், நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. விருந்துகளில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வாக்கியம். சேகர் செய்ததை அவன் அனுபவிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முன் மல்லிகாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. ஒரு தடவையாவது அவளைக் கேட்டுவிட்டுச் செய்யலாமே. கிளினிக் திறக்க அரை மணி இருந்தது. பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "உம்", "உம்" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அந்தக் கடைசி வரி வேணாம்."

"ஏன், சேகருக்காகவா?"

"அவருக்காக இல்லைங்க. அது நடக்கல."

நான் ஹீட்டரின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுக்கற டாக்டரம்மா வந்தாங்கல்ல. நான் வெந்நீ பிளாஸ்க்க வச்சுக்கிட்டுக் கதவுகிட்ட நின்னேன். அவரு மருந்து வாங்கக் கீழ போயிருந்தாரு. உங்ககிட்டதான் பேர் கேட்டாங்க. நீங்க மல்லிகான்னீங்க. வயசு கேட்டாங்க. நாப்பத்தாறுன்னீங்க, யோசிக்கக்கூட இல்ல. என் வயசு உங்களுக்குத் தெரியும்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், அதற்கு எனக்குப் பதில் வரும். ஒரு வருஷமாக இந்தக் கதையில் வந்த எல்லோரையும் நான் கேவலமாகப் பேசியிருக்கிறேன். பியானோ வாசித்த கம்பெனியை, பிளாஸ்டிக் ரோஜாவை, தம்பியை, பிரியாணிக் கூட்டத்தை. கதவருகே பிளாஸ்க்கோடு நின்றவளை நான் கவனிக்கவே இல்லை. அவள் பேரைச் சொல்லும்போது அவள் அங்கே நிற்கிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று எனக்கு நினைவு இருந்தது. வலி இருந்தது, ஆனால் நினைவும் இருந்தது. சொன்னால் மிச்சம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"சரி, மாத்தறேன்" என்றேன்.

காரில் உட்கார்ந்தபடியே அந்த வரியை அழித்துவிட்டு எழுதினேன்: பேர் கேட்டபோது மல்லிகா என்று சொன்னது நான், முழு நினைவோடு, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக. என் தம்பி செய்தது எனக்குத் தெரிந்தே நடந்தது. மல்லிகாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மறுபடி படித்துக் காட்டினேன்.

"இப்ப சரிங்க அண்ணி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், சேகரின் ஆபீஸுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். பிறகு உள்ளே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், மேனேஜரின் கதவைத் தட்டி, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.